ஆறாம் குழிச் சரிவு

அவிநாசி
20 அக்டோபர் 2024

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் அமலிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் அண்ணனும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உனக்கும் அங்கே இருக்கும் சிஸ்டர்மார்களுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? ஏற்காட்டில் குளிர் ஆரம்பித்திருக்கும். கன்னியாஸ்திரிப் பயிற்சி முடியும்வரை நவதுறவகத்தில் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று உங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் பெனிக்னா சொன்னபோது அம்மா முகம் சுருங்கிப்போனது. எனக்கு ஒருவிதத்தில் நல்லதாகத்தான் படுகிறது. போனில் என்றால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்திருப்பேன்.

கால்ஃப் மைதானத்தில் குளிர்காலத்தில் என்ன வேலை, புல் தானாக வளராதா என்று உன் தோழி ஒருத்தி கேட்டதாக எழுதியிருந்தாய். வளராது என்பதுதான் வேலையே. பனி விழ ஆரம்பித்தால் புல் சோர்ந்துவிடும். மற்ற மாதம் போல ஒட்ட வெட்டினால் வேர் தாங்காது. குழியைச் சுற்றி இருக்கும் மெத்தைப் புல்லை கிரீன் என்கிறோம். அதன்மேல் விடியற்காலையில் பனி முத்து முத்தாக நிற்கும். வெயில் வரும்வரை அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்து வட்ட வட்டமாகப் பழுத்துவிடும். அதனால் நாங்கள் நீள மூங்கிலைப் புல்மேல் படுக்கவைத்து வீசிப் பனியைத் தட்டுவோம். ராசப்பனை உனக்குத் தெரியுமே, பம்பு பார்க்கிறவர். அவர் சொல்வார்: "பனி மாசத்துல புல்லு நோவாளியாட்டமுங்க சகாயம். தொந்தரவு பண்ணப்படாது. ஆனாப் பாத்துக்கிட்டே இருக்கோணும்."

ஜனவரியில் பனியன் கம்பெனிகளுக்குச் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் இங்கே வந்து ஆடுவார்கள். அதற்குள் ஒன்பது குழியும் பச்சையாக இருக்க வேண்டும் என்று கிளப் செயலாளர் தரணீதரன் இப்போதே சொல்லிவிட்டார். அண்ணன் நிட்டிங் கம்பெனியை விட்டுவிட்டு என்னோடு மைதானத்துக்கே வந்துவிட்டான். டிராக்டரில் புல் வெட்டுகிறான். இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய் வருகிறோம்.

போன ஞாயிறு பங்குச்சாமி பூசையில் உன் பெயரைச் சொல்லி மன்றாடினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னால் சிரிப்பாய், எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

உன் செபத்தை நம்பியிருக்கும் அப்பா,
சகாயராஜ்

பாப்பா, அம்மா எழுதுகிறேன். காதை மூடிக்கொள். தலைக்கு எண்ணெய் வை. பனியன் கம்பெனியில் பழுது பார்த்துப் பிரிக்கிற செக்கிங் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. உன் கட்டிலில் இப்போது அண்ணன் படுக்கிறான். உனக்கென்று எடுத்துவைத்த போர்வையைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.


ஏற்காடு
3 நவம்பர் 2024

இயேசுவில் அன்புள்ள அப்பா, அம்மா, அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்டு மகிழ்ந்தேன். நான் சுகம். சளி வந்து போய்விட்டது, மிளகுக் கஷாயம் கொடுத்தார்கள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பனி தட்டும் கதையை இங்கே சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன். விளையாடுவதற்காக ஒரு தோட்டத்தை நோயாளிபோல் பார்த்துக்கொள்கிறார்களா என்று வியந்தார்கள். எங்களுக்கு இங்கே காப்பிச் செடியும் காய்கறித் தோட்டமும். காலையில் தியானம், பிறகு வேலை, பிறகு வகுப்பு. மதியம் சிறிய மருந்தகம் ஒன்று நடக்கிறது. மலையில் இருக்கிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வருவார்கள். அந்த ஒரு மணி நேரம் போவதே தெரிவதில்லை.

அடுத்த வாரம் எங்கள் சபைத் தலைவியான பெரிய தாயார் வருகிறார். நாங்கள் ஒவ்வொருவரும் எழுந்து, ஏன் துறவுக்கு வந்தோம் என்று சொல்ல வேண்டுமாம். மற்றவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, அடுத்த முறை நீயும் இரண்டு வரி எழுது. டிராக்டர் ஓட்டுகிற திமிரில் மறந்துவிடாதே.

செபங்களுடன்,
அமலி


அவிநாசி
24 நவம்பர் 2024

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் அமலிக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல். சளி முழுதும் விட்டதா? ஈரத் தலையோடு பனியில் நிற்காதே.

இந்த மாதம் இங்கே மழை விட்டு விட்டுப் பெய்தது. மண் ஊறிப்போய்க் கிடக்கிறது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் கிரீன்களில் துளை போட்டு மணல் தூவினோம். இரண்டாம் குழிப் பக்கம் மயில்கள் வந்து புழுவுக்காகப் புல்லைக் கொத்திக் கிளறிவிடுகின்றன. விரட்டினால் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்க்கின்றன. நாம் நகர்ந்ததும் மறுபடி வந்துவிடுகின்றன. வேப்ப மரம் இலையைக் கொட்டுகிறது. அதை அன்றன்றே வாரிவிட வேண்டும். இல்லையென்றால் அடியில் இருக்கும் புல் வெளுத்துவிடும்.

வெட்டும் கத்தியை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டோம். தண்ணீரைச் சாயங்காலம் விடுவதில்லை. இரவெல்லாம் ஈரம் நின்றால் பூஞ்சை. வெயில் ஏறும் நேரம் பார்த்து விடுகிறோம். ஆறாம் குழியை ஒட்டிக் குட்டைக்கு இறங்கும் சரிவு இருக்கிறதே, அதை இப்போது நானே கையால் அறுக்கிறேன். அங்கே டிராக்டர் இறக்குவதில்லை. அருவாளால் அறுக்க நேரமாகிறது. ஆனாலும் அறுத்துவிடுகிறேன்.

பெரிய தாயார் வந்தபோது நன்றாகப் பேசியிருப்பாய். பங்குச்சாமி உன்னை விசாரித்தார். அண்ணனும் இருக்கிறான். அம்மா வேலைக்குப் போய்வருகிறாள்.

எங்களுக்காக வேண்டிக்கொள். இந்த மாதம் கொஞ்சம் அதிகமாக வேண்டிக்கொள்.

அப்பா


ஏற்காடு
8 டிசம்பர் 2024

இயேசுவில் அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அனைவரின் நலத்துக்கும் அன்னையிடம் வேண்டுகிறேன். இன்று அமலோற்பவ மாதா திருநாள், என் பெயர்த் திருநாள். பாயசம் வைத்தார்கள்.

அப்பா, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மயிலைப் பற்றி இருக்கிறது, வேப்பிலையைப் பற்றி இருக்கிறது. அண்ணனைப் பற்றி 'இருக்கிறான்' என்று ஒரு சொல். அம்மா கடைசியில் எழுதவே இல்லை. அம்மா எழுதாமல் உங்கள் கடிதம் இதுவரை வந்ததில்லை. முழங்கால் அதிகமா? சண்டையா? அண்ணன் வேலையை விட்டுவிட்டானா? எதுவானாலும் எழுதுங்கள். இங்கே பேசாமல் இருக்கும் நேரம் அதிகம். ஒன்றைப் பிடித்தால் மனம் அதையே சுற்றுகிறது.

பெரிய தாயார் முன்னால் நானும் பேசினேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். அதைப் பற்றி எழுத அதிகமில்லை.

கிறிஸ்மஸுக்குக் குடில் வேலை நடக்கிறது. வீட்டில் இருந்து யாரும் வர அனுமதியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணனை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து மட்டும் போட்டாலும் போதும்.

அமலி


அவிநாசி
22 டிசம்பர் 2024

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் அமலிக்கு,

கிறிஸ்மஸ் வாழ்த்துகள். இங்கே அனைவரும் சுகம். நீ மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அம்மா கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம். இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து அப்படியே படுத்துவிடுகிறாள். அதனால்தான் எழுதவில்லை. அண்ணன் வேலை விஷயமாகக் கோவையில் இருக்கிறான். பண்டிகைக்கு வந்துவிடுவான்.

மூன்றாம் குழியிலும் ஏழாம் குழியிலும் பூஞ்சை வந்துவிட்டது. காசு அளவுக்குப் பழுப்பு வட்டம், மறுநாள் பார்த்தால் தட்டு அளவு. மருந்து அடித்தோம். மருந்தைவிடப் பனியைத் தட்டுவதுதான் முக்கியம் என்று ராசப்பனும் நானும் இருட்டு விலகுமுன்பே போய்விடுகிறோம். "ஊட்டுல இருந்தா நெனப்பு வருமுங்க, இங்க வந்தாப் பரவால்ல" என்கிறார். அவர் சும்மா சொல்வது.

ஆறாம் குழிச் சரிவை இரண்டாம் முறை அறுத்து முடித்துவிட்டேன்.

நீ அங்கே நிம்மதியாக இருக்கிறாய் என்பதே எங்களுக்குப் பெரிய பண்டிகை.

அப்பா


அவிநாசி
3 ஜனவரி 2025

பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது.

புது வருச ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு முழங்கால் வலி பழையபடிதான்.

எட்டாம் வகுப்பு படித்தவள் நான். எழுத்து கோணலாக இருக்கும். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதவில்லை. எழுதப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் வெளியே போய்விட்டார்.

அண்ணனுக்கு வலது கால் போய்விட்டது. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நவம்பர் பாதியில், மழை விட்ட மறுநாள் காலை, அந்த ஆறாம் குழிப் பக்கம் டிராக்டர் சரிந்து அவன் மேல் விழுந்துவிட்டது. கோவை ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தான். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கூட்டி வந்தோம். செலவை கிளப்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் செயலாளர் தரணீதரன், சின்ன வயசுப் பையன், தினமும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். உள்ளே வர அவனுக்குத் தைரியம் இல்லை.

அப்பா உனக்கு எழுதின கடிதத்தில் என்னையும் இரண்டு வரி எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். பிள்ளைக்குக் கால் போய்விட்டது, மகளுக்கு எண்ணெய் வை என்று எழுதச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். "அவ அங்கன நிம்மதியா இருக்கா. கெடுக்காத," என்றார். அவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. ஆனால் நாளைக்கு நீ வந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் நான் உன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

உன்னை வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. வராதே என்று சொல்லவும் எழுதவில்லை. அவன் உன் அண்ணன், உனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா
ஜெசிந்தா


ஏற்காடு
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்கக் கை வரவில்லை.

அம்மா எழுதியிருந்தார்கள். வாசித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்க் களை பிடுங்கினேன். பிடுங்கியதில் பாதி கீரை என்று பிறகுதான் தெரிந்தது. சிஸ்டர் பெனிக்னா பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கிய கீரையை மறுபடி நட்டார்.

அன்று காலை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பாட்டுப் பயிற்சியாக இருந்திருக்கும். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் இங்கே குடிலுக்குப் பாசி சேகரித்துக்கொண்டிருந்தேன். டிராக்டர் ஓட்டுகிற திமிர் என்று உனக்கு எழுதினேன். அதை நீ வாசித்தாயா?

அப்பாவுக்கு நான் எழுதப்போவதில்லை. இப்போது எழுதினால் நல்லதாக வராது.

சில நாள் வீட்டுக்குப் போய்வர சிஸ்டர் அனுமதி தருகிறார். அப்பா அம்மாவிடம் கேட்கவில்லை, உன்னிடம் கேட்கிறேன். வரட்டுமா?

அமலி


அவிநாசி
26 ஜனவரி 2025

அன்பு அமலிக்கு,

சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, இல்லாத கால் அரிக்கிறது. அதுதான் நிலவரம்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் அப்பா வாசித்துக் காட்டினார். அந்த டிராக்டர் வரி வந்ததும் நிறுத்திவிட்டார். நான் வாங்கி வாசித்தேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு அழாதே.

நடந்ததை நானே சொல்கிறேன். மழையில் அந்தச் சரிவில் புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. இரண்டு நாள் வெயில் காயட்டும், பிறகு இறக்கு என்று அப்பா சொல்லியிருந்தார். மேலே பார்த்தால் காய்ந்தமாதிரி இருந்தது. முடித்துவிட்டு அவரிடம் சொல்லலாம் என்று இறக்கினேன். மண் வழுக்கியது. குதித்தேன், கொஞ்சம் தாமதமாகக் குதித்துவிட்டேன். அப்பா மூன்றாம் குழியில் பனி தட்டிக்கொண்டிருந்தார். மூங்கிலோடு ஓடிவந்தார். மூங்கிலைக் கீழே போட அவருக்குத் தோன்றவே இல்லை. அதை அப்படியே டிராக்டருக்கு அடியில் கொடுத்து நெம்பினார். முறிந்துவிட்டது. பிறகு எல்லோரும் சேர்ந்து தூக்கினார்கள்.

அதன்பிறகு அப்பா அந்தச் சரிவில் யாரையும் விடுவதில்லை. தரணீதரன் சார் புதிய மிஷின் வரவழைக்கிறேன் என்றதற்கு, "வேணாங்கய்யா, நானே அறுத்துக்கிருவேன்" என்றாராம். போன வாரம் பையர்கள் வந்து ஆடினார்கள். ஒருவர் ஆறாம் குழிப் புல் எவ்வளவு சமமாக இருக்கிறது என்று பாராட்டினாராம். ராசப்பன் வந்து சொன்னார். அப்பா சொல்லவில்லை.

இப்போது வராதே. கட்டு மாற்றும்போது நான் கத்துகிறேன். அதை நீ கேட்க வேண்டாம். மார்ச்சில் செயற்கைக் கால் பொருத்துவார்கள். அப்போது வந்து பார்.

இன்னொன்று. உன் கடிதத்தில் உன்னைப் பற்றிக் கீரை பிடுங்கியது தவிர ஒன்றுமே இல்லை. அதற்கு முந்தின கடிதத்திலும், பெரிய தாயார் முன்னால் பேசினேன், எழுத அதிகமில்லை என்று முடித்துவிட்டாய். சாதாரணமாக நீ அப்படி விடுகிறவள் இல்லை. அப்பா செய்ததையே நீயும் செய்கிறாயா? அங்கே உனக்கு எப்படி இருக்கிறது? உண்மையை எழுது.

பிரிட்டோ


ஏற்காடு
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

எல்லோருக்கும் நல்ல சுகம் தர ஆண்டவரை வேண்டுகிறேன். நான் உடம்பால் சுகம்.

அப்பா, போன மாதம் உங்களுக்கு எழுதவில்லை. கோபம். நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டதற்காகக் கோபப்பட்டேன். அண்ணன் ஒரு கேள்வி கேட்டான். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, அந்தக் கோபத்துக்கு எனக்கு அருகதை இல்லை என்று தெரிந்தது.

நவம்பரில் பெரிய தாயார் முன்னால் எல்லோரும் பேசினோம் அல்லவா? என் முறை வந்ததும் எழுந்து ஒரு கதை சொன்னேன். காய்ச்சலில் கிடந்த சிறுமி, பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த கன்னியாஸ்திரி, அன்று மனதில் விழுந்த அழைப்பு. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது என் கதை இல்லை, அப்பா. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் தன்னைப் பற்றிச் சொன்னது. எனக்கென்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நல்ல பிள்ளை, சிஸ்டராகப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றிலிருந்து கோயிலில் முழங்கால் போடும்போதெல்லாம் யாருடைய இடத்திலோ நிற்பதுபோல் இருக்கிறது. இங்கே எல்லோரும் நல்லவர்கள். எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் இதற்கு உரியவள் இல்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு எழுத நினைத்தேன். பங்குச்சாமி மன்றாட்டில் என் பெயரைச் சொன்னபோது உங்களுக்கு நெஞ்சு அடைத்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த பிறகு எழுத முடியவில்லை.

அண்ணன் விஷயம் தெரிந்ததும் சிஸ்டர் பெனிக்னா என்னைக் கூப்பிட்டு, வீட்டில் நீ தேவை என்று தோன்றினால் போய்விடு, யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள் என்றார். அன்று மாலையே கிளம்பியிருக்கலாம். ஊரும் என்னை மெச்சியிருக்கும். அண்ணனுடைய காலைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் வெளியே வரமாட்டேன். அவன் பாவம், அதையும் சேர்த்துச் சுமப்பான். சிஸ்டரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். எனக்கு இங்கே இருக்க விருப்பம் இல்லை. வீட்டுக்கு வர ஆசைப்படுகிறேன்.

நீங்கள் என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்வேன்.

அமலி


அவிநாசி
27 பிப்ரவரி 2025

அன்பு மகளுக்கு,

அம்மாவும் அண்ணனும் சுகம். எனக்கு இந்தப் பனியில் கொஞ்சம் இளைப்பு இருந்தது. சுகம் என்று மட்டும் எழுதக் கூடாது என்று இருக்கிறேன். அதனால் இதையும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைக்கமாட்டேன். உன்னை அனுப்பிவைத்த அன்று கோயில் வாசலில் பந்தல் போட்டு எத்தனை பேருக்குச் சோறு போட்டோம் என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா எழுந்து உள்ளே போனாள். உனக்கென்று எடுத்துவைத்த போர்வையை எடுத்து ஊறவைத்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். அதற்குமேல் நான் பேச இடமில்லை.

நான் ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உன் தவத்தைக் கலைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். அது பாதிதான். அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்சில் போகும்போது, நல்லவேளை ஒரு பிள்ளையாவது ஆண்டவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் குளிர்காலத்தை ஓட்டினேன். உனக்குத் தெரிந்துவிட்டால் நீ அழுவாய். நீ அழுதால் எனக்குப் பத்திரமான பிள்ளை என்று யாரும் இல்லை. அதற்காகத்தான் மயிலைப் பற்றியும் வேப்பிலையைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே நீயும் கஷ்டத்தில் இருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். நீ சொல்லித்தான் இருக்கிறாய். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

நேற்று தரணீதரன் என்னைக் கூப்பிட்டு, ஆறாம் குழிச் சரிவை மண் அடித்துச் சமமாக்கிவிடலாமா என்று கேட்டார். "நீங்க வேண்டாம்னா வேண்டாமுங்க" என்றார். செய்யுங்கள் என்றேன். இனி அங்கே அருவாளோடு உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை. நாளைக்கு வண்டி வருகிறது.

நீ கிளம்பி வா. என்றைக்கு என்று மட்டும் எழுது. சேலத்துக்கு நான் வந்து நிற்கிறேன். இங்கே யார் என்ன கேட்டாலும் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா


அவிநாசி
6 ஏப்ரல் 2025

இயேசுவுக்குத் தோத்திரம்

வணக்கத்துக்குரிய சிஸ்டர் பெனிக்னா அவர்களுக்கு, அமலியின் தகப்பன் சகாயராஜ் எழுதுவது.

தாங்களும் மற்ற சிஸ்டர்மார்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அமலி சுகமாக வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் சேலத்தில் இருந்து அவிநாசி வரைக்கும் தூங்கிக்கொண்டே வந்தாள். தாங்கள் கொடுத்தனுப்பிய காப்பித்தூளுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அவளிடம் ஒரு கடிந்த சொல் பேசாமல் அனுப்பிவைத்ததற்கும் நன்றி.

பனி முழுதும் விட்டுவிட்டது. இனி எங்களுக்குத் தண்ணீர்தான் கவலை. மகன் பிரிட்டோவுக்குச் செயற்கைக் கால் பொருத்தியாகிவிட்டது. உரசி உரசிப் புண்ணாகிறது. சில நாள் கழற்றி வீசுகிறான். மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறேன் என்று தரணீதரன் வந்து கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நிட்டிங் கம்பெனியில் வடக்கத்திப் பையன்களோடு இருந்து பழகிய இந்தியை வைத்து, காதர்பேட்டை பனியன் கடை ஒன்றில் வெளியூர் வியாபாரிகளிடம் பேசும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அமலி அம்மாவோடு செக்கிங்குக்குப் போகிறாள். ஜூனில் நர்சிங் சேர வேண்டும் என்கிறாள்.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவள் வந்த மறுநாள் மைதானத்தில் ராசப்பன், "அண்ணனப் பாத்துக்கறக்குப் பாப்பா வந்திருச்சாட்ட இருக்குதுங்க. நல்ல மனசுங்க அந்தப் புள்ளைக்கு" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தலையை ஆட்டியிருந்தால் போதும். குளிர்காலம் முழுதும் நான் அப்படித்தானே ஆட்டிக்கொண்டிருந்தேன். "இல்ல ராசப்பண்ணே. அவளுக்கு அங்க இருக்கப் பிடிக்கல. வந்துட்டா" என்றேன். அவர், "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டுப் பம்பைப் போடப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நாலு பேரும் போனோம். பூசை முடிந்து வெளியே வரும்போது எங்கள் தெருச் செபக்கூட்டமான அன்பியத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் சொந்த ஊர்ப்பக்கத்தில் இருந்து இங்கே பிழைக்க வந்த அம்மா ஒருவர் பிரிட்டோவின் தோளைத் தொட்டு, "ஒனக்காகத்தான்யா தங்கச்சி எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருக்கா" என்றார். அவன் முகம் கறுத்துப்போனது. அமலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அந்தம்மாவிடம், "அவனுக்காக வரலக்கா. அவளாத்தான் வந்தா. அந்த வாழ்க்கை அவளுக்கு ஒத்துவரல" என்றேன்.

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தம்மா மெதுவாக, "என்னய்யா, பெத்தவரே இப்படிச் சொல்றீக? அண்ணனுக்காகன்னு சொன்னா முடிஞ்சு போச்சு. யாரு கேக்கப்போறா?" என்றார்.

"யாரும் கேக்க மாட்டாக, தெரியும்" என்றேன். "ஆனா அது நெசமில்லக்கா."

சிலர் அப்படியே நகர்ந்துவிட்டார்கள். அமலியை அனுப்பிவைத்த அன்று பந்தல் வேலையை முன்னின்று பார்த்த ஒருவர் என்னிடம் பேசாமல் போனார். போகட்டும். பிரிட்டோ படியில் இறங்கக் கஷ்டப்பட்டான். அமலி கை கொடுத்தாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பாதிப் படியில் நின்று இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை.

தங்கள் செபத்தில் எங்கள் நாலு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் கோடை மழை வந்ததா?

பணிவுடன்,
சகாயராஜ்